ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்தால் கிளம்பலாம் என்ற கணக்கு மலைக்குச் சரிவருமா?

4 நவம்பர் 2025 – கோத்தகிரி வாசகியின் கேள்வி

ஆன்லைனில் டூலா (பிரசவ நேரத்தில் தாய்க்குத் துணை நின்று தைரியமும் இதமும் தருபவர்) வகுப்பு முடித்திருக்கிறேன். "வலி எடுத்ததும் ஓடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் போனால் கிளம்புங்கள். அதுவரை வீடுதான் நல்லது" என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். இங்கே இது சரிவருமா? அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டுக்குள் என்னை விடுவார்களா? வீட்டுப் பிரசவத்துக்குக் கூப்பிட்டால் போகலாமா?

4 நவம்பர், இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில். போகாதீர்கள். டூலா படிப்புக்கு நம் நாட்டில் சட்டப்படியான பதிவு கிடையாது. பிரசவம் பார்ப்பது மருத்துவர்களுக்கும் பதிவுபெற்ற செவிலியர்களுக்கும் உரிய வேலை. டூலா உள்பரிசோதனை செய்ய மாட்டார், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார், மாத்திரையோ கஷாயமோ கையில் தர மாட்டார். பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால் சராசரியாக 2 மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்று செவிலியர் பயிற்சியில் சொல்வார்கள். உங்கள் ஊர் ரோடு மட்டுமே ஒன்றரை மணி நேரம். வண்டி வந்து சேரும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், மிச்சம் என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

5 நவம்பர்

ஐந்து நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று புரியும். கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்தது. அதற்கு முன்பே வார்டில் படுக்க வைத்தால் "இன்னும் திறக்கவில்லையே" என்று வலியைக் கூட்டும் டிரிப், பிறகு பனிக்குடத்தை உடைப்பது, பிறகு ஆபரேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன் என்கிறது ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே "சீக்கிரம் போகாதே" என்பதில் நியாயம் இருக்கிறது.

அந்த அறிவுரைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஆஸ்பத்திரி இருபது நிமிடத்தில் இருக்க வேண்டும். மலையில் அது இல்லை. அதற்காக வலி தொடங்கிய உடனே வார்டில் போய்ப் படுக்கவும் வேண்டாம். வீட்டில் இரு என்பதை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ உறவினர் வீடு, கிடைத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறை. பழங்குடிப் பகுதிகளுக்காக அரசே வைத்திருக்கும் ஏற்பாடு அது. 38ஆம் வாரத்தில் வந்து தங்கலாம். எங்கே இருக்கிறது, படுக்கை காலியா என்று வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) சிஸ்டரிடம் ஏழாம் மாசமே கேட்டு வையுங்கள். முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது: இவர்கள் கட்டாயம் இறங்கி வந்துவிட வேண்டும். எந்த வாரத்தில் என்பதை மருத்துவர் சொல்வார்.

5 நவம்பர், மாலை

"தங்க இடமே இல்லை, ஊரிலிருந்துதான் கிளம்ப வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியானால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வீட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை நடை, போன் செய்த பிறகு வண்டி வரும் நேரம், ரோடு, மஞ்சுமூட்டத்துக்கு இன்னொரு அரை மணி. கூட்டினால் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரசவமானால் வலி பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்குபட்டதும் போன் போட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவமானால் ஒழுங்குபடும்வரை கூட வேண்டாம், இது பொய் வலி இல்லை என்று தெரிந்த நிமிடமே கிளம்புங்கள். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 6 செ.மீ. தாண்டிய பிறகு என்ன வேகம் என்று 108இல் வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பொய் வலியைப் பிரித்தறிய: எழுந்து நடக்கச் சொல்லுங்கள், சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் தணிந்தால் பொய் வலி. நடந்தும் கூடிக்கொண்டே போய், இடுப்பில் தொடங்கி முன்னால் சுற்றி வந்தால் மெய் வலி.

வலியே இல்லாமல் கிளம்ப வேண்டியவையும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம், குழந்தை அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு. தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். முழங்காலையும் மார்பையும் தரையில் ஊன்றி, இடுப்பு மேலே தூக்கியிருக்கும்படி குப்புற வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

7 நவம்பர்

108க்குப் போன் செய்யும்போது "எஸ்டேட்டுக்குப் பக்கம்" என்றால் புரியாது. எந்த டிவிஷன், எந்த லைன், எந்தச் செக்போஸ்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். வலி நேரத்தில் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர்ப் பெயரே மறந்துபோகும். ஆம்புலன்ஸ் வர முடியாத பாதையானால் ஜீப் வரும் இடம் எது, அதுவரை தூக்க நான்கு பேர் யார் யார், கம்பளியும் மூங்கிலும் எங்கே என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

ரோடும் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார், மரப்பாலம் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் மலைப்பாதை அடைபடும். கோவைக்கு அனுப்ப வேண்டி வந்தால் கோத்தகிரி வழிதான். கூடலூர், பந்தலூர் பக்கம் மழை ஆனி, ஆடியில் அடிக்கும். அங்கே பலர் ஊட்டிக்கு ஏறாமல் கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குத்தான் போகிறார்கள். போகலாம், தப்பில்லை. பிறப்பைக் குழந்தை பிறந்த ஊரில்தான் பதிய முடியும் என்பதையும், தாய் சேய் நல அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

கொடைக்கானல்காரர்களுக்குப் பெருமாள்மலைதான் கண்டம். வத்தலக்குண்டு ரோடு, பழனி ரோடு, அடுக்கம் வழி பெரியகுளம் ரோடு மூன்றும் அங்கேதான் பிரிகின்றன. டவுனுக்கும் பெருமாள்மலைக்கும் நடுவில் அடைபட்டால் மூன்று ரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆட்கள் டவுனுக்கு வருவதே ஒரு பயணம். அதற்கும் கீழே அனுப்ப வேண்டிய கேஸ் என்று முன்பே தெரிந்தவர்கள் மழைக்காலத்தில் சமவெளியில் உறவினர் வீடு பார்த்துக்கொள்வதே மேல்.

7 நவம்பர், பிற்பகல்

வண்டிக்குள்: மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அமுக்கும், தாய்க்கு மயக்கம் வரும், குழந்தைக்கு ரத்தம் குறையும். இடது பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய கம்பளி. கொண்டை ஊசி வளைவில் வாந்தி நிச்சயம். பிளாஸ்டிக் பை நான்கைந்து, மொடமொடப்பான முறுக்கு வேண்டாம், கஞ்சித்தண்ணீர் போதும்.

ஊட்டி வர்க்கியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: புவிசார் குறியீடு வாங்கியிருந்தாலும் லேபர் வார்டுக்கு அது உதவாது. பொடி உதிர்ந்து படுக்கை முழுக்கக் கிடக்கும், சிஸ்டர் திட்டுவார். வர்க்கி உங்களுக்கு, வெளியே உட்கார்ந்து சாப்பிட.

10 நவம்பர்

லேபர் வார்டுக்குள் விடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத் துணை தமிழ்நாட்டில் 2004 முதலே இருக்கும் ஏற்பாடு. மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. துணை என்பவர் பெண், உறவினர், தானே பிரசவ வலி கண்டவர், தொற்றுநோய் இல்லாதவர், சுத்தமான உடை, கடைசிவரை கூடவே இருக்கச் சம்மதம். ஊழியர் வேலையில் குறுக்கிடக் கூடாது, வார்டில் இருக்கும் மற்றப் பெண்களிடம் போகக் கூடாது. தனிமறைப்பு இருக்கும் இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இதில் சம்பளத்துக்கு வரும் டூலாவுக்கு இடம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பேசிப் பார்க்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் நீங்கள் பழக்கிவிட்ட உறவுக்காரப் பெண் உள்ளே போவார், நீங்கள் போக மாட்டீர்கள். யார் துணையாகப் போகப் போகிறார்? அம்மாவா, நாத்தனாரா, பெரியம்மா மகளா? அவரை எட்டாம் மாசத்திலிருந்து தயார் செய்யுங்கள். மலையில் டூலாவின் முக்கால்வாசி வேலை இதுதான் என்பது என் கணிப்பு.

10 நவம்பர், இரவு – துணையாகப் போகிறவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது

இடுப்பு அழுத்தம். இடுப்பெலும்புக்கு நடுவில், பின்பக்கக் குழிக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். வலி ஏறும்போது தொடங்கி இறங்கும்போது விட வேண்டும், இடையில் தேய்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. கையால் மட்டும் அழுத்தினால் துணைக்கு அரை மணியில் தோள் போய்விடும். வலி முழுக்க இடுப்பிலேயே நின்றால் குழந்தை மல்லாந்து இருக்கலாம். கைகால் ஊன்றித் தவழும் நிலை நிறையப் பேருக்கு இதம் தரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர். நிறைந்த பை தலை இறங்குவதைத் தடுக்கும், பிறகு கருப்பை சுருங்கவும் விடாது, ரத்தம் போகும். இதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், துணைதான் செய்ய வேண்டும்.

"முக்கு, முக்கு" என்று துணை சொல்லவே கூடாது. முழுதாகத் திறப்பதற்கு முன் முக்கினால் கருப்பை வாய் வீங்கும், ஆள் களைத்துப்போவார். சிஸ்டர் சொல்லும்போது, அதுவும் தானாக உந்துதல் வரும்போது. வயிற்றின் மேல் கையை வைத்து யாரும் அமுக்கக் கூடாது. வலியைக் கூட்ட இடுப்பில் ஒரே ஊசியாக ஆக்ஸிடோசின் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், யாராவது தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரிப்பில் சொட்டு எண்ணிக் கொடுப்பதை நிறுத்த முடியும், ஊசியில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. கருப்பை கிழிந்த கேஸ்களுக்கு அது ஒரு காரணம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் போடுவது வேறு விஷயம். ரத்தப்போக்கைத் தடுக்க அது அவசியம்.

12 நவம்பர்

பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கு ஒரு சேர்க்கை. அங்கே துணைக்கு வேலை இரட்டிப்பு. சமவெளியிலிருந்து வந்த சிஸ்டர் பேசும் தமிழ் பாதிதான் புரியும், கேள்விக்குத் தலையாட்டல்தான் பதில். "கடைசியாக எப்போது குழந்தை அசைந்தது" என்பதை அவர்கள் மொழியில் கேட்டு, பதிலைச் சொல்லும் ஆள் வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்ததற்கு இந்த மொழி ஒன்றே போதுமான காரணம்.

அரிவாள் செல் ரத்தம் (சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்) பற்றியும் அங்கே கேட்டே ஆக வேண்டும். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952இல். ஒரு பக்க மரபணு மட்டும் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் இருந்தால் குளிர், தண்ணீர்ப் பற்றாக்குறை, காய்ச்சல் மூன்றும் வலிப் பிடிப்பைக் கிளப்பும், பிரசவ இரவில் மூன்றுமே வரிசையில் நிற்கும். கம்பளி, காலுறை, இளஞ்சூடான தண்ணீர் அடிக்கடி. போலிக் அமிலம் அவர்களுக்கு 5 மி.கி. கணக்கு, இரும்புச் சத்து மாத்திரை ரத்தத்தில் இரும்பின் அளவு பார்த்த பிறகுதான். கணவருக்கும் சோதனை செய்திருக்கிறதா என்று முதல் மூன்று மாதத்திலேயே கேளுங்கள்.

13 நவம்பர்

ரத்தம் என்றதும் ஹீமோகுளோபின் கேள்விகள் வந்து விழுந்திருக்கின்றன. "ஊட்டியில் எனக்கு 11.5, நார்மல்தானே?"

மேலே போகப் போகக் காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, உடம்பு அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் மலைக்காரர் எண்ணிலிருந்து ஒரு பங்கைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024 அட்டவணைப்படி 1000 மீட்டர் முதல் 1499 வரை 0.8, 1500 முதல் 1999 வரை 1.1, 2000 முதல் 2499 வரை 1.4 கிராம். கூடலூர் முதல் வரிசை, குன்னூர் இரண்டாவது, ஊட்டியும் கொடைக்கானலும் மூன்றாவது. ஊட்டியின் 11.5 கழித்தால் 10.1. அது ரத்தசோகை. அட்டையில் 11க்கு மேல் என்று பச்சை மையில் டிக் போட்டிருந்தாலும் கேளுங்கள். பிரசவத்தில் அரை லிட்டர் போனால் தாங்குமா என்பதுதான் கேள்வி, டிக் இல்லை.

தேயிலைக்காட்டில் இன்னொன்று: இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர் வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு நல்லது. எஸ்டேட்டில் தேநீர் குடிக்காத ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ராத்திரி படுக்கும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 நவம்பர்

5ஆம் தேதி எழுதியதன் மேல் ஒரு மறுயோசனை. பத்து நிமிடக் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனதும் "இன்னும் 2 செ.மீ.தான், வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்குத் திரும்பாதீர்கள். ஊர் பெயரையும் பயண நேரத்தையும் சொல்லி, வளாகத்திலேயே இருக்க அனுமதி கேளுங்கள், அது கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஓர் அறை. சேர்க்கை போடாமல் நடமாடிக்கொண்டிருப்பதுதான் அந்த நேரத்துக்கு மிகச் சரியான சிகிச்சை. அறை வாடகைக்காக ஒரு தொகையை முன்பே ஒதுக்கி வையுங்கள். மே மாத சீசனில் ஊட்டியில் அறை விலை எப்படி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை, அந்த மாதத்துக்குத் தேதி குறித்திருந்தால் உறவினர்களை இப்போதே விசாரியுங்கள்.

2 டிசம்பர்

பனி இறங்கத் தொடங்கிவிட்டது. தலைக்குந்தா பக்கம் உறைபனி காலங்களில் வீட்டுக்குள்ளும் மூச்சு புகையும். குழந்தை பிறந்தவுடன் நனைந்த உடம்போடு நிமிடத்துக்கு நிமிடம் சூடு இழக்கும். பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறி வேண்டாம், ஹீட்டரை முன்பே போடச் சொல்லுங்கள். இரண்டு துண்டு: ஒன்றால் துடைத்து அந்த ஈரத்துண்டை அப்புறப்படுத்தி, இன்னொன்றால் மூடி, தாயின் மார்பில் தோலோடு தோலாக. தலைக்குத் தொப்பி, ஏனென்றால் சூடு அதிகம் போவது அந்த வழியாகத்தான். குளிப்பாட்டுவது 24 மணி நேரம் கழித்து. பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். சீம்பால் முதல் மணி நேரத்துக்குள்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு: சரி. வயிறு சூடு, பாதம் குளிர்: குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே மார்பில் வையுங்கள். இரண்டும் குளிர்: ஆபத்து, ஆஸ்பத்திரி. வெந்நீர்ப் பையைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

கணப்புச் சட்டி பற்றித் தனியாக. மூடிய அறையில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, தூக்கம், அவ்வளவுதான் அறிகுறி. சுற்றுலா வந்தவர்கள் கூடாரத்துக்குள்ளும் அறைக்குள்ளும் கரி அடுப்பை வைத்து உறங்கி இறந்ததைப் படித்திருப்பீர்கள். தீட்டு அறை என்று ஜன்னலை அடைத்து, உள்ளே கரிச்சட்டி, மேலே சாம்பிராணி. இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. சட்டி அறைக்கு வெளியேயே இருக்கட்டும், இல்லையேல் வேண்டாம்.

3 டிசம்பர்

வழியில், வண்டியிலேயே பிறந்துவிட்டால் என்ற கேள்விக்கு: ஓட்டுநர் சமமான இடத்தில் நிறுத்தட்டும், வளைவில் வேண்டாம். துடைத்து, மார்பில் வைத்து, மூடுங்கள். கொடியை அறுக்க அவசரம் இல்லை. கிருமி நீக்கிய பிளேடும் கிளிப்பும் இல்லையென்றால் அறுக்கவே வேண்டாம், நஞ்சு வெளியே வந்தாலும் குழந்தையோடு சேர்த்தே சுற்றிக் கொண்டுபோகலாம். கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே வெளியே பிரளலாம். நஞ்சு வந்த பிறகு தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள்: கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நல்லது, மெத்தென்றிருந்தால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால் அது அளவு மீறிய போக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவிட்டுப் போங்கள்.

9 டிசம்பர்

பேச்சு பத்தியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கிறது, நல்லது. கொடைக்கானல் மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள்; கெடுதல் ஒன்றும் இல்லை. கருவாட்டுக் குழம்பும் சரி. "வயிறு பெருக்கும்" என்று பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் தப்பு. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர்தான் மருந்து. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இரண்டும் அந்தப் பத்தியத்தால் வருபவை.

படிப்பைத் தொடர விரும்புவோருக்கு: பதிவுபெற்ற செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி என்று 2018 டிசம்பரில் மத்திய அரசு வகுத்தது, செவிலியர் அல்லாதவர் டூலா சான்றிதழை வைத்து அதில் சேர முடியாது. முதலில் ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு) அல்லது பி.எஸ்சி. நர்சிங். கோத்தகிரி வாசகிக்கு வயது இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

16 டிசம்பர்

கோவையிலிருந்து துணைக்கு வரும் அக்கா காரில் வந்தால், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் வேண்டுமா? வேண்டும், இலவசம்தான், கிளம்பும் முன் எடுக்கச் சொல்லுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. தேதி நெருங்கியிருந்தால் பேருந்தே மேல், மேட்டுப்பாளையத்திலிருந்து விடிகாலை வண்டி பிடிக்கட்டும்.